அப்பாவை மருந்துப் பரிசோதனையில் சேர்க்கலாமா?

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். நாங்கள் மும்பை ஆன்டாப் ஹில்லில் இருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது. மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஐபிஎஃப், அதாவது காரணம் தெரியாமல் நுரையீரல் தழும்பாகும் நோய் என்றார்கள். பிர்ஃபெனிடோன் மாத்திரை சாப்பிடுகிறார். ஆனாலும் மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடுகிறார். இப்போது பார்க்கும் டாக்டர், தங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு டிரையல் நடக்கிறது, பழைய மாத்திரையோடு புது மாத்திரை ஒன்றும் தருவார்கள், ஒரு வருஷம், எல்லா டெஸ்ட்டும் இலவசம் என்கிறார். ஆனால் கிடைப்பது மருந்தா வெற்று மாத்திரையா என்று அவருக்கே தெரியாதாம். திருநெல்வேலியில் இருக்கும் அண்ணன், “அப்பாவை எலியாக்கப் போறியா?” என்று போனில் சண்டை போடுகிறான். அப்பாவோ, “டாக்டர் சொன்னா சரிதான், எங்க கையெழுத்துன்னு காட்டு” என்கிறார். கொடுத்த பேப்பர் இங்கிலீஷிலும் இந்தியிலும் மராத்தியிலும் இருக்கிறது; அப்பாவுக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். வேண்டாம் என்றால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்றும் பயமாக இருக்கிறது. வெளியே எங்கும் போவதில்லை, ஜன்னலில் புறாக்களுக்கு அரிசி போடுவதுதான் அவருடைய பொழுதுபோக்கு. பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. சேர்க்கலாமா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

போகிற போக்கில் புறாக்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நுரையீரல் மருத்துவராக என் கண் முதலில் அங்கேதான் போய் நின்றது. டிரையலைப் பற்றிப் பேசும் முன் அதை முடித்துவிடுவோம்.

புறாவின் எச்சமும் இறகுத் தூசியும் வருடக்கணக்கில் மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரல் அதை ஒவ்வாமையாக எடுத்துக்கொண்டு வீங்கும், நாளடைவில் தழும்பாகிவிடும். இதற்கு ஹைப்பர்சென்சிடிவிட்டி நியூமோனைட்டிஸ் என்று பெயர். முற்றிய நிலையில் ஸ்கேனில் இதுவும் ஐபிஎஃப்பும் ஒன்றுபோலத் தெரியலாம், பெரிய டாக்டர்களே இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து விவாதிக்க வேண்டியிருக்கும். இந்தியாவில் 19 நகரங்களிலிருந்து 1,084 நோயாளிகளைச் சேர்த்து 2017-ல் வெளிவந்த பதிவேட்டில், நுரையீரல் தழும்பாகும் இந்த வகை நோய்களில் ஏறக்குறைய பாதி, அதாவது 47 சதவீதம், ஹைப்பர்சென்சிடிவிட்டி நியூமோனைட்டிஸ். ஐபிஎஃப் சுமார் 14 சதவீதம்தான். மும்பையில் புறாக்களுக்குத் தீனி போடும் இடமான தாதர் கபூதர்கானாவை மூடியதும் அதற்காக நடந்த போராட்டமும் கோர்ட்டு வழக்கும் நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சண்டைக்கு அடியில் இருந்தது இந்த நோய்தான்.

எனவே முதல் வேலை, டாக்டரிடம் போய், “அப்பா தினமும் புறாவுக்குத் தீனி போடுகிறார், இத்தனை வருஷமாகப் போடுகிறார்” என்று சொல்லுங்கள். ஓபிடி அவசரத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், உங்களுக்கும் சொல்லத் தோன்றியிருக்காது. இது ஐபிஎஃப்தானா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஐபிஎஃப் என்று முடிவு கட்ட, வேறு காரணம் எதுவும் இல்லை என்று முதலில் உறுதியாக வேண்டும். புறாதான் காரணம் என்றால் வைத்தியமே வேறு வழியில் போகும், ஐபிஎஃப்புக்கான டிரையல் அப்பாவுக்குப் பொருந்தாமலும் போகலாம். எப்படியிருந்தாலும் தீனி போடுவதை இன்றோடு நிறுத்த வேண்டும், ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டும். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி கிளம்பும். தண்ணீர் தெளித்து, மாஸ்க் போட்டுக்கொண்டு நீங்கள் துடையுங்கள். அந்த நேரத்தில் அப்பா வீட்டிலேயே இருக்க வேண்டாம். அவருக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். வேறு பொழுதுபோக்கு ஒன்றை அவரோடு சேர்ந்து தேடுங்கள்.

சரி, ஐபிஎஃப்தான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி டிரையல்.

மருந்துப் பரிசோதனை என்பது உங்கள் அப்பாவுக்காக வடிவமைக்கப்பட்டது அல்ல. அது ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடிக்க நடப்பது. இந்த மாத்திரை வேலை செய்கிறதா, செய்தால் எவ்வளவு, என்ன கெடுதல்? அந்த விடை நாளைக்கு வரப்போகும் நோயாளிகளுக்குப் போய்ச் சேரும். அப்பாவுக்குப் பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், கெடுதலும் வரலாம். “புது மருந்து என்றால் பழையதைவிட நல்லதாகத்தான் இருக்கும்” என்ற நினைப்பு நம் எல்லோருக்கும் உண்டு. அந்த நினைப்போடு கையெழுத்துப் போடுவதுதான் எனக்குக் கவலை. டாக்டரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அவரும் அந்த மருந்து நல்லது என்று நம்பலாம். ஆனால் அவருக்கும் விடை தெரியாது என்பதால்தான் பரிசோதனையே நடக்கிறது.

இந்த நோயிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. ஸ்டீராய்டு, அசாதயோப்ரின், என்-அசிட்டைல்சிஸ்டீன் என்று மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதுதான் ரொம்ப காலம் உலகம் முழுக்க ஐபிஎஃப்புக்கு வழக்கமான வைத்தியம். கடைசியில் அமெரிக்காவில் பேந்தர் என்ற பரிசோதனையில் அந்த மூன்றையும் ஒரு சாராருக்கும் வெற்று மாத்திரையை இன்னொரு சாராருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் அந்த மூன்று மருந்துப் பிரிவைப் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. மருந்து சாப்பிட்ட 77 பேரில் 8 பேர் இறந்திருந்தார்கள், வெற்று மாத்திரை சாப்பிட்ட 78 பேரில் ஒருவர். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தவர்கள் மருந்துப் பக்கம் 23, வெற்று மாத்திரைப் பக்கம் 7. எத்தனையோ டாக்டர்கள் நல்லெண்ணத்தோடு எழுதிக் கொடுத்த மருந்து அது. வெற்று மாத்திரைப் பிரிவு இல்லாமல் போயிருந்தால் இன்றும் அப்பாவுக்கு அதைத்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

உங்கள் அப்பா இப்போது சாப்பிடும் பிர்ஃபெனிடோனும் இப்படி வந்ததுதான். 2014-ல் வெளிவந்த அதன் முக்கியமான பரிசோதனையில் 555 பேர் சேர்ந்தார்கள், ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருஷம் வெற்று மாத்திரை. அவர்கள் சம்மதித்ததால்தான் அந்த மருந்து நோயின் வேகத்தைக் குறைக்கிறது என்று தெரிந்தது. குணமாக்காது, வேகத்தைக் குறைக்கும். அவ்வளவுதான் இன்றுவரை ஐபிஎஃப் மாத்திரைகளால் முடிந்தது. அதனால்தான் புது மருந்து தேடுகிறார்கள், அதனால்தான் உங்கள் டாக்டரும் கேட்கிறார்.

வெற்று மாத்திரை என்றதும் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். அது வரலாம் என்பதை முன்கூட்டியே எழுதிச் சொல்லித்தான் கேட்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: பிர்ஃபெனிடோன் தொடருமா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தொடரும் போலிருக்கிறது. தொடர்ந்தால், வெற்று மாத்திரை விழுந்தாலும் அப்பா இப்போது எடுக்கும் வைத்தியத்தை இழக்கவில்லை. டிரையலில் சேரும் முன் சில வாரம் பிர்ஃபெனிடோனை நிறுத்தச் சொன்னால் அது வேறு கதை. அப்படி இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், என் பதிலும் மாறும். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் பிரிக்கும், டாக்டர் கையில் அது இல்லை. அவசரம் என்று வந்தால் அப்பா சாப்பிட்டது எது என்று அந்த ரகசியத்தை உடைத்துப் பார்க்கும் வழியும் ஒவ்வொரு டிரையலிலும் வைத்திருப்பார்கள்.

புது மருந்தைக் கட்டம் கட்டமாகத்தான் சோதிப்பார்கள், இந்த டிரையல் எந்தக் கட்டம் என்பதையும் கேளுங்கள். முதல் கட்டத்தில் ஆட்கள் குறைவு. எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்றுதான் பார்ப்பார்கள். மூன்றாம் கட்டம் என்றால் அதற்கு முன்பே சில நூறு பேர் சாப்பிட்டிருக்கக்கூடும், பக்க விளைவுகள் ஓரளவு தெரிந்திருக்கும். “ஏற்கெனவே நடந்த டெஸ்ட்டில் ரிசல்ட் பிரமாதம்” என்று கோ-ஆர்டினேட்டர் சொன்னால், எத்தனை பேரில் என்று கேளுங்கள். ஸிரிடாக்ஸெஸ்டாட் என்ற மருந்து 23 ஐபிஎஃப் நோயாளிகளிடம் 12 வாரம் நம்பிக்கை கொடுத்தது. 1,306 பேரைச் சேர்த்து மூன்றாம் கட்டம் நடத்தியபோது பலன் எதுவும் தெரியவில்லை. 2021-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். நிறுத்தியது நல்லதுதான். பரிசோதனையை வெளியிலிருந்து கண்காணிக்க ஒரு குழு இருந்ததால்தான் நிறுத்தவும் முடிந்தது. உங்கள் டிரையலுக்கு அப்படிக் குழு இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதை வெறும் சண்டை என்று தள்ளாதீர்கள். 2009, 2010-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி ஆய்வு ஒன்று நடந்தது. கம்மத்தில் விடுதிகளில் தங்கிப் படித்த பல பிள்ளைகளின் ஒப்புதல் படிவத்தில் பெற்றோர் இடத்தில் விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சில பிள்ளைகள் இறந்ததற்குத் தடுப்பூசி காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதம் தப்பு என்று நாடாளுமன்றக் குழுவே 2013-ல் கடுமையாக எழுதியது. அதே காலத்தில் சுப்ரீம் கோர்ட்டிலும் வழக்கு நடந்தது. இப்போது இருக்கும் சட்டம், 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், அந்த வேதனைகளிலிருந்து வந்ததுதான்.

அண்ணனுக்கு இன்னொரு கதையும் சொல்லுங்கள், அது நம்ம ஊர்க் கதை. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கினார்கள். காசம் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்றிருந்த காலம். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து அதே மருந்தைக் கொடுத்தார்கள். நெருக்கடியான வீடு, போதாத சாப்பாடு, இருந்தும் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், அவர்கள் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் அது வெளியானதும் காச வைத்தியமே உலகம் முழுக்க வீட்டுக்கு வந்தது. அந்த 193 பேரை எலி என்று என்னால் சொல்ல முடியாது. கம்மத்துக்கும் சென்னைக்கும் நடுவில் உங்கள் அப்பாவின் டிரையல் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் காட்டுவது அந்தக் காகிதம்தான்.

அந்தக் காகிதம் தமிழில் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விவரத்தாள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆஸ்பத்திரி செய்யும் தயவு என்று நினைக்க வேண்டாம். மும்பை ஆஸ்பத்திரிகளில் மராத்தி, இந்தி, சில இடங்களில் குஜராத்தி தயாராக வைத்திருப்பார்கள். தமிழ் யாரும் கேட்காததால் இருக்காது. அதே டிரையல் தமிழ்நாட்டிலும் நடக்கிறது என்றால் தமிழ்ப் பிரதி ஏற்கெனவே இருக்கும், கம்பெனியிடமிருந்து வரவழைத்து பங்கேற்பவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் இந்த ஆஸ்பத்திரியின் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலோடு தருவார்கள். கொஞ்ச நாள் ஆகும், ஆகட்டும். “உங்க பொண்ணுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, அவங்க சொல்லட்டும்” என்றால், ஒத்துக்கொள்ளாதீர்கள். பாசத்தில் நீங்கள் பயமுறுத்தும் வரிகளை மென்மையாக்கிச் சொல்லிவிடுவீர்கள். எத்திக்ஸ் கமிட்டியில் இருந்த காலத்தில் இதை நிறையப் பார்த்தேன்: மகனோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கும்போது இறப்பு என்ற சொல் மட்டும் காணாமல் போய்விடும்.

டிரையல் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஐசிஎம்ஆர் என்ற அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு நடத்துவது அது. 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எண் சிடிஆர்ஐ என்று தொடங்கி வருஷம், மாதம், பிறகு ஆறு இலக்கம் என்று இருக்கும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கித் தேடுங்கள். எந்தக் கட்டம், எத்தனை பேர், எந்தெந்த ஆஸ்பத்திரி, எதை அளக்கிறார்கள் எல்லாம் அங்கே தெரியும். எண்ணைத் தரத் தயங்கினால் மேலே பேச வேண்டாம், எழுந்து வந்துவிடலாம்.

விவரத்தாளில் உடம்புக்கு ஏதாவது ஆனால் என்ன என்ற பகுதியை அப்பாவோடு உட்கார்ந்து மெதுவாக வாசியுங்கள். டிரையலில் இருக்கும்போது பாதிப்பு வந்தால், அது டிரையலால் வந்தது அல்ல என்று நிலைநாட்டப்படும்வரை இலவச வைத்தியம் தர வேண்டும். தீவிரமான பாதிப்பை 24 மணி நேரத்துக்குள் டாக்டர் அரசுக்கும் கம்பெனிக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் தெரிவித்தாக வேண்டும். டிரையலால் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் இழப்பீடு உண்டு. இறப்புக்கு 8 லட்சத்தை அடிப்படையாக வைத்து, வயதையும் நோய் ஏற்கெனவே எவ்வளவு முற்றியிருந்தது என்பதையும் போட்டுக் கணக்கிடும் சூத்திரம் விதியிலேயே இருக்கிறது. அப்பாவின் நோயில் இதற்கு ஒரு கசப்பான பக்கம் உண்டு. ஐபிஎஃப் தன்பாட்டில் முற்றினாலும் மூச்சுத்திணறல்தான் வரும். அது நோயால் வந்தது என்று முடிவானால் இழப்பீடு வராது. ஒப்புதல் படிவத்தில் தொழில், வருட வருமானம், நாமினி பெயர் என்று கேட்டிருப்பார்கள். அதைப் பார்த்து அம்மா பயந்துவிடப் போகிறார்கள். இந்த இழப்பீட்டுக்காகத்தான் அது, எல்லா டிரையலிலும் கேட்பார்கள். யார் பெயர் என்பதை வீட்டில் பேசிக்கொண்டு போங்கள்.

ஒரு வருஷம் முடிந்த பிறகு என்ன என்றும் கேளுங்கள். மருந்து அப்பாவுக்கு நல்லது செய்திருந்து, வேறு நல்ல மாற்றும் இல்லாமல், டாக்டர் பரிந்துரைத்து எத்திக்ஸ் கமிட்டியும் ஒப்புக்கொண்டால், கம்பெனி அதைத் தொடர்ந்து இலவசமாகத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. இந்த டிரையலில் அதற்கு என்ன ஏற்பாடு என்று எழுத்தில் இருக்கட்டும்.

பயணத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், நான் பேசுகிறேன். மூன்று மாடி இறங்கி ஏற முடியாத மனிதர் வருஷம் முழுக்க எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? டிரையல் விசிட்டுகளுக்குத் தேதி உண்டு, இரண்டு மூன்று நாள் முன்பின் போகலாம், அதற்கு மேல் தள்ள முடியாது. ஜூலையில் ஹிந்த்மாதாவில் தண்ணீர் நிற்கும் நாளிலும் அந்தத் தேதி வரலாம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பது, ஊதும் டெஸ்ட்டை மூன்று நான்கு தடவை ஊத வைப்பது, ஆறு நிமிஷ நடை என்று பாதி நாள் போய்விடும். வீடு திரும்பும்போது அப்பா துவண்டுபோவார். லோக்கல் ரயில் டிக்கெட் காசு தருகிறோம் என்றால், டாக்ஸிக்குத் தர வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த நாட்களில் யார் கூடப் போவது, உங்களுக்கு லீவு கிடைக்குமா என்பதும் இந்த முடிவில் சேர்ந்ததுதான். நல்ல டிரையலில் சேர்ந்து, போய் வர முடியாமல் நான்காவது மாதம் விலகியவர்கள் உண்டு.

டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் நம்மில் பலருக்கும் இருப்பது. வேண்டாம் என்று சொன்னதற்காகவோ நடுவில் விலகியதற்காகவோ அப்பாவின் வழக்கமான வைத்தியத்தைக் குறைக்கக் கூடாது, விதி அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் மனசு விதியைப் பார்த்து அடங்குவதில்லை. அதனால் ஒரு வழி சொல்கிறேன். இந்த டிரையலில் சம்பந்தமில்லாத இன்னொரு நுரையீரல் டாக்டரிடம் ரிப்போர்ட்டுகளைக் காட்டி, “டிரையல் என்று ஒன்று இல்லையென்றால் அப்பாவுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் என்பதால் பைகுலா ரயில்வே ஆஸ்பத்திரியிலும் கேட்கலாம். தன் நோயாளியைத் தன் டிரையலில் சேர்க்கும் டாக்டர் இரண்டு பொறுப்பில் நிற்கிறார், கம்பெனியிடமிருந்து ஆய்வுச் செலவுக்குப் பணமும் வரும். அது தப்பில்லை, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்.

இப்போது முக்கியமான ஆள், உங்கள் அப்பா. நீங்களும் அண்ணனும் சண்டை போடுகிறீர்கள், நானும் இங்கே நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆனால் மாத்திரை அவர் வாய்க்குள்தான் போகப் போகிறது. “எங்க கையெழுத்துன்னு காட்டு” என்பதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மெஷினைத் தொடும் முன் டிராயிங்கை விரித்து வைத்துப் பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் வாழ்நாளைக் கழித்தவர் அவர், இதையும் அவரால் புரிந்துகொள்ள முடியும். தமிழ்ப் பிரதி வந்ததும் அவர் கையில் கொடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று அவரே வாசிக்கட்டும், அவசரமில்லை. பிறகு, “என்னப்பா புரிஞ்சுது, எனக்குச் சொல்லுங்க” என்று கேளுங்கள். எனக்கு வெற்று மாத்திரை வரலாம், பலன் இல்லாமல் போகலாம், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம், இந்த மூன்றும் அவர் வார்த்தையில் வந்தால் போதும். “இதைச் சாப்பிட்டா நல்லாயிருவேன்” என்று சொன்னால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். டாக்டரிடம் போய் மறுபடி விளக்கச் சொல்லுங்கள். காரணமே சொல்லாமல் வேண்டாம் என்றாலும் விட்டுவிடுங்கள், அவரைச் சம்மதிக்க வைப்பது உங்கள் வேலை இல்லை.

என் கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள், மழுப்ப மாட்டேன். நோய் ஐபிஎஃப்தான் என்று மறுபடி உறுதியாகி, பிர்ஃபெனிடோன் தொடர்ந்து, டிரையல் மூன்றாம் கட்டமாக இருந்து, போக்குவரத்தை வீடு தாங்கும் என்றால், அப்பா விரும்பும்பட்சத்தில் சேரலாம் என்றுதான் நான் சொல்வேன். என் சொந்த அண்ணனாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஐபிஎஃப் காத்திருக்கும் நோய் இல்லை, கையில் இருக்கும் மருந்துகளும் குறைவு. டிரையலில் ஒழுங்காகப் பரிசோதித்துக்கொண்டே இருப்பார்கள், அதுவும் ஒரு நன்மை. ஆனால் முதல், இரண்டாம் கட்டம் என்றாலோ, பிர்ஃபெனிடோனை நிறுத்தச் சொன்னாலோ, தமிழ்ப் பிரதி தர முடியாது என்றாலோ வேண்டாம். சேரச் சம்மதித்த பிறகு தகுதிப் பரிசோதனையில் ஊதும் அளவு, ரத்தம் ஏதோ ஒன்று பொருந்தாமல் திருப்பி அனுப்பலாம் என்பதையும் அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தன் உடம்பு அதற்குக்கூட லாயக்கில்லை என்று அவர் நினைத்துவிடக் கூடாது.

சேர்ந்துவிட்டால், கையெழுத்தான படிவத்தின் நகலையும் விவரத்தாளையும் கேட்டு வாங்குங்கள், அது உங்களுக்குச் சேர வேண்டியது. அதில் ஆய்வு டாக்டரின் எண்ணும் எத்திக்ஸ் கமிட்டியின் எண்ணும் இருக்கும், இரண்டையும் அப்பா போனிலும் உங்கள் போனிலும் பதிந்துகொள்ளுங்கள். டிரையலில் இருக்கிறார் என்று எழுதிய சின்ன அட்டை தருவார்கள், அதை அவர் பர்ஸில் வையுங்கள். ரயில்வே ஆஸ்பத்திரியிலோ பக்கத்து கிளினிக்கிலோ வேறு மருந்து எழுதும் முன் அதைக் காட்ட வேண்டும், ஊரிலிருந்து யாராவது லேகியம் கொண்டு வந்தாலும் கேட்காமல் கொடுக்கக் கூடாது. பிர்ஃபெனிடோனே சிலருக்குக் குமட்டல் தரும், வெயில் பட்டால் தோல் சிவக்கும். எனவே புது மாத்திரை தொடங்கும் முன்பே இப்போது என்னென்ன தொந்தரவு இருக்கிறது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவிடுங்கள், பிறகு புதிதாக வருவது எது என்று பிரித்துச் சொல்ல முடியும். மூச்சுத்திணறல் சில நாளிலேயே திடீரென்று கூடினாலோ காய்ச்சலோடு வந்தாலோ அடுத்த விசிட் வரட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போய்விட்டு அங்கிருந்து ஆய்வு டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.